மயில்கொன்றைக்கு வாதாடிய அக்கா

அந்த அக்காவின் வலது கைக் கட்டைவிரல் நகம் மட்டும் மற்ற நகங்களைவிட நீளமாக இருக்கும். அதன் நுனியில் எந்நேரமும் பச்சை படிந்திருக்கும். விசேஷத்துக்கு மருதாணி வைத்துக்கொண்டு வந்தாலும் அந்த ஒரு நகத்தில் சிவப்பு ஏறாது என்று கூட வேலை செய்த பெண்கள் கேலி செய்வார்கள்.

நான் அப்போது புதுச்சத்திரம் பக்கம் நால்வழிச் சாலையைப் பராமரிக்கும் ஒப்பந்தக் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருந்தேன். சிவில் டிப்ளமோ படித்தவன். தார், ஜல்லி, வெள்ளைக்கோடு என்றால் எனக்குத் தெரியும். சாலை நடுவே சென்டர் மீடியனில் வளர்கிற செடிகளும் என் பொறுப்புதான் என்பதை வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் சொன்னார்கள். எட்டுப் பெண்கள், ஒரு தண்ணீர் டேங்கர், அதை ஓட்ட ஒரு டிரைவர். இவ்வளவுதான் என் படை. அந்த எட்டுப் பேரில் ஒருவர்தான் இந்த அக்கா. நாற்பத்தைந்து வயதைத் தாண்டியிருப்பார். சேலைக்கு மேல் வீட்டுக்காரருடைய முழுக்கைச் சட்டை, அதற்கு மேல் கம்பெனி கொடுத்த ஆரஞ்சு கோட்டு, தலையில் துண்டு. இந்தப் பக்கம் லாரியும் அந்தப் பக்கம் லாரியும் காற்றைக் கிழித்துக்கொண்டு போக, நடுவே நாலடி அகல மண்ணில் குனிந்தபடி நடந்துகொண்டே இருப்பார்.

சேர்ந்த முதல் வாரமே எனக்கும் அவருக்கும் முட்டிக்கொண்டது. மார்கழி மாதம். மழை நின்று பனி இறங்கத் தொடங்கியிருந்தது. ஓர் இடத்தில் இலையே இல்லாமல் ஒரு குச்சி நின்றிருந்தது. "இதைப் பிடுங்கிப் போட்டுடுங்கக்கா" என்றேன்.

"பொறுங்க சார்" என்றார்.

குனிந்து, கட்டைவிரல் நகத்தால் குச்சியின் தோலை நெல்லளவு கீறினார். உள்ளே ஈரமான பச்சை. என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்த செடிக்கு நகர்ந்துவிட்டார்.

அந்த 'பொறுங்க'தான் அவருக்குப் பட்டப்பெயர். எல்லோரும் பொறுங்கக்கா என்றே கூப்பிட்டார்கள். அவருக்கும் அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. கூட வேலை செய்த ஒரு பெண்ணின் மகன் பத்தாம் வகுப்பில் இரண்டு பாடத்தில் தோற்றுவிட்டான், இனி படிப்பு ஏறாது, லாரிப் பட்டறைக்கு அனுப்பப் போகிறேன் என்று அவள் புலம்பியபோதும், "பொறு சாமி. மறுக்கா ஒருதரம் எழுதட்டும். பட்டறை எங்கியும் ஓடிப் போயிராது" என்றார். டேங்கர் டிரைவருக்கு இவருடைய நிதானம் எரிச்சல். "பொறுங்கக்கா இருக்கற வண்டியில தண்ணி கூட மெதுவாத்தான் ஊத்துது சார்" என்பான்.

அவனே ஒரு நாள் அவரை மடக்கப் பார்த்தான். சர்வீஸ் ரோட்டுப் புளியமரத்தடியில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வெட்டிப் போட்ட குவியலிலிருந்து இலையில்லாத குச்சிகளாகப் பொறுக்கிக்கொண்டு வந்து, "எது எதுன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்றான். பூவும் இல்லை, தழையும் இல்லை. எனக்கு எல்லாம் ஒரே விறகாகத்தான் தெரிந்தது.

அக்கா சோற்றுக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாங்கினார். "இது அரளி. மூணு மூணாத் தழும்பு இருக்குது பாரு. இது பேப்பர்ப்பூ. எல விழுந்த தழும்புக்கு மேல முள்ளு நிக்குது. இது செம்பருத்தி, உரிச்சா நாரா வரும். இதுலயும் முள்ளுதான், ஆனா தழும்புக்கும் முள்ளுக்கும் சம்பந்தமில்ல, கண்ட எடத்துல மொளச்சிருக்குது. அப்ப மயில்கொன்ற."

கடைசிக் குச்சியை வாங்கி மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு அவனிடமே திருப்பிக் கொடுத்தார். "இது நம்மளுது இல்ல சாமி. வேப்பங்குச்சி. நீ காத்தால பல்லு வெளக்கலைன்னா இப்ப வெளக்கிக்க."

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவன் அதற்குப் பிறகு மடக்க வரவில்லை.

பனிக்காலத்தில் செடிகள் என்ன செய்கின்றன என்பதில் அவருக்கென்று ஒரு கணக்கு இருந்தது. மழை நின்றதும் செடிக்குத் தெரிந்துவிடுமாம், இனி நாலு மாசத்துக்கு மேலிருந்து ஒன்றும் வராது என்று. "எலதானுங்க தண்ணி குடிக்கிற வாயி. மயில்கொன்ற அந்த வாயையே உதுத்துப்போடும். அரளி உதுக்காது. அதுக்கு எல செருப்புத் தோலாட்டம், தண்ணிய வெளிய உடாது. பேப்பர்ப்பூ பாதிய உதுத்துப்போட்டு, மிச்சத்த வெச்சுப் பூக்கும். ஒண்ணொண்ணும் ஒரு சூட்சுமம் வெச்சிருக்குதுங்க." இப்படி அவர் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசியது அபூர்வம்.

இதனாலெல்லாம் அவர் எதையும் விட மனமில்லாதவர் என்று நினைத்துவிடக் கூடாது. பஸ் ஸ்டாப் எதிரே ஒரு செம்பருத்தி பட்டுப்போய்க்கொண்டிருந்தது. சித்திரை வரைக்கும் அதற்குத் தண்ணீர் ஊற்றினார். ஒரு நாள் காலையில் கீறிப் பார்த்தார். மேலே பார்த்தார், நடுவே பார்த்தார், அடியிலும் பார்த்தார். எங்கும் பழுப்புதான். ஒரே இழுப்பில் பிடுங்கி டேங்கர் மேல் எறிந்துவிட்டு நடந்தார். நான்தான் ஏதோ ஆறுதல் சொல்லப் போனேன். "செத்துப் போச்சுங்க சார். அத வெச்சு என்ன பண்றது" என்றார், சாதாரணமாக.

இன்னொரு சம்பவம். அரளியைக் கவாத்து செய்து, வெட்டிய குச்சிகளைச் சர்வீஸ் ரோட்டு ஓரம் குவித்து வைத்திருந்தோம். ஒரு வாரத்தில் தழையெல்லாம் சுருண்டு உதிர்ந்து வெறும் குச்சியாகிவிட்டது. பக்கத்துக் கோழிப்பண்ணையில் வேலை செய்யும் வடநாட்டுப் பெண் ஒருத்தி, இடுப்பில் குழந்தையோடு, அந்தக் குச்சிகளைக் கட்டாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு போவதை அக்கா மீடியனிலிருந்து பார்த்துவிட்டார். மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். சாதாரணமாக எங்கள் பெண்கள் சாலையைக் கடக்க ஐந்து நிமிடம் காத்திருப்பார்கள். அன்று ஒரு டிரெய்லர் ஹாரனை அழுத்தியபடியே அவரை உரசிக்கொண்டு போனது. எனக்கு உயிரே போய்விட்டது.

நான் போய்ச் சேர்வதற்குள் அந்தப் பெண்ணின் தலையிலிருந்து கட்டைப் பிடுங்கிக் கீழே தள்ளியிருந்தார். அவள் பயந்துபோய் ஏதோ சொல்லி அழத் தொடங்கினாள். திருட வந்ததாக நினைத்துவிட்டார்கள் என்று பயம். அக்காவுக்கு அவள் பாஷை தெரியாது. குச்சியைக் காட்டினார், வாயைக் காட்டினார், குழந்தையைக் காட்டினார், கண்ணை மூடிக் கழுத்தைச் சாய்த்துக் காட்டினார். அடுப்பு எரிப்பதுபோல் ஊதிக் காட்டி, புகை வருவதுபோல் கையை ஆட்டி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண் குச்சியை எடுத்து உற்றுப் பார்த்தாள். அவள் ஊரிலும் அரளி உண்டு போலும். பூவும் தழையும் இல்லாததால்தான் தெரியவில்லை. "கனேர்?" என்று கேட்டாள். அக்கா அதைப் புரிந்துகொண்டாரோ என்னவோ, "ஆமாங்க, ஆமாங்க" என்று தலையாட்டினார்.

மறுநாள் வேலைக்கு வரும்போது தலையில் ஒரு கட்டு வேலிக்காத்தான் விறகு. நேராகக் கோழிப்பண்ணை கேட்டில் கொண்டுபோய் இறக்கி வைத்துவிட்டு வந்தார். அன்று அரை மணி நேரம் தாமதம். காரணத்தை அவர் சொல்லவில்லை. டிரைவர்தான் சொன்னான்.

இப்படிப்பட்டவரைத்தான் நான் வேலைக்கு வர வேண்டாம் என்று அனுப்பினேன்.

அடுத்த வருடம் மார்கழியில் டேங்கர் மோட்டார் பழுதாகி மூன்று வாரம் நின்றது. தண்ணீர் இல்லாததால் மயில்கொன்றைகள் மொத்தமும் இலையை உதிர்த்துவிட்டன. ஒன்றரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு வெறும் குச்சிகள். பொங்கல் முடிந்த கையோடு கம்பெனி இன்ஜினியர் வந்தார். அந்த வழியாகப் பெரிய அதிகாரி ஒருவர் வரப்போகிறார் என்று அவருக்குப் பதற்றம்.

"என்னய்யா இது, சுடுகாடு மாதிரி இருக்கு" என்றார் என்னிடம். "எல்லாம் செத்துப் போச்சு. மொத்தத்தையும் பிடுங்கிட்டு அரளி வை. பாதிக்கு நாத்து லாரியில வந்துக்கிட்டு இருக்கு. மீதி அடுத்த வாரம் வரும்."

பெண்கள் கடப்பாரையோடு நின்றிருந்தார்கள். அக்கா முன்னால் வந்தார்.

"பொறுங்க சார். மாசி பொறக்கட்டும். ஒண்ணும் சாகல. தூங்குதுங்க."

"நீ யாரும்மா?"

"தண்ணி ஊத்தறவங்க."

"தண்ணி ஊத்தற வேலையை மட்டும் பாரு."

"பாத்துட்டுத்தானுங்க சொல்றேன். நீங்களே ஒண்ணக் கீறிப் பாருங்க சார். ஒரே ஒரு செடிய." அவர் ஒரு குச்சியை வளைத்து இன்ஜினியர் கைக்கு எட்டும்படி நீட்டினார்.

இன்ஜினியர் அந்தக் குச்சியைத் தொடவில்லை. என்னைப் பார்த்தார். "உன் ஆளுங்க உன் பேச்சைக் கேப்பாங்களா, மாட்டாங்களா?"

எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம். குழந்தைக்கு மூன்று மாதம். அந்தக் குச்சிக்குள் பச்சை இருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஒரு வருடமாக அவர் கீறியதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஆனாலும், "சொன்னதைச் செய்யுங்கக்கா" என்றேன்.

"என்ற கையால புடுங்க மாட்டேனுங்க சார். வேற எந்த வேலையும் குடுங்க, செய்யறேன்."

"அப்ப நாளையிலிருந்து வர வேண்டாங்க" என்றேன். அப்படிச் சொல்லும்போது நான் அவரைப் பார்க்கவில்லை, இன்ஜினியரைப் பார்த்தேன்.

அவர் சண்டை போடவில்லை. கோட்டைக் கழற்றி மடித்து டேங்கர் படியில் வைத்தார். கத்திரியைத் துடைத்து அதன் மேல் வைத்தார். சாலை காலியாகும் வரைக்கும் நின்று, கடந்து போனார்.

சாயங்காலத்துக்குள் பாதிச் செடிகளைப் பிடுங்கி, லாரியில் வந்த அரளி நாற்றுகளை அந்தக் குழிகளில் இறக்கிவிட்டோம். எல்லோரும் போன பிறகு குவியலிலிருந்து ஒரு செடியை எடுத்து என் மோட்டார் பைக் சாவியால் கீறினேன். பச்சை. இன்னொன்று. அதுவும் பச்சை. ஏழெட்டுக்கு மேல் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அங்கேயே நின்று நர்சரிக்காரருக்குப் போன் போட்டேன். நான் சொல்லும் வரைக்கும் இரண்டாவது லோடை அனுப்ப வேண்டாம் என்றேன். இன்ஜினியரிடம் நர்சரியில் அரளி நாற்றே இல்லை, வந்ததும் வைத்துவிடுகிறேன் என்று பொய் சொன்னேன். மிச்சமிருந்த பாதிக்குப் பெண்களை விட்டு நுனி கத்தரித்து, பாத்தி கட்டி, ஓரக்கல்லுக்கு வெள்ளை அடிக்கச் செய்தேன். அதிகாரியின் கார் ஒரு நாள் காலை கண்ணாடியைக்கூட இறக்காமல் கடந்து போனது.

மாசி பாதியில் கணுக்களில் செம்பழுப்பாகத் துளிர் வந்தது. பங்குனியில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்தே விட்டது. இன்ஜினியர் போனில் கூப்பிட்டு, "புதுசா வெச்சது நல்லா வந்திருக்குப்பா" என்றார். அவருக்கு எது பழசு, எது புதுசு என்று தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை விசாரித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே இரண்டு கிலோமீட்டர். ஊருக்குள் திரும்பும் மண் தடத்தின் ஓரத்தில் வரிசையாக மயில்கொன்றைகள். சில பூத்திருந்தன, சில அப்போதுதான் துளிர் விட்டிருந்தன. நடுநடுவே பட்டுப்போனதைப் பிடுங்கிய வெறும் குழிகள். நாங்கள் பிடுங்கிப் போட்ட செடிகள்தான் அவை. மறுநாள் குவியல் குறைந்திருந்ததைப் பார்த்து, விறகுக்கு யாரோ எடுத்துப் போய்விட்டார்கள் என்று நினைத்திருந்தேன்.

அக்கா வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். "வாங்க சார்" என்றார், நேற்றுப் பார்த்த ஆளிடம் சொல்வதுபோல. உள்ளேயிருந்து அவர் வீட்டுக்காரர் வந்தார். ஒல்லியான மனிதர். வாசலில் ஒரு பழைய மொபெட் நின்றிருந்தது. அதில்தான் ஆறு நடை அடித்துச் செடிகளைக் கொண்டுவந்தார்களாம்.

"ஏனுங்க, நாஞ் சொல்லல? இவருதான் பாதிச் செடிய நிறுத்தி வெச்சவரு" என்று அக்கா அவரிடம் என்னை அறிமுகப்படுத்தினார். இப்போது கோழிப்பண்ணைக்கு முட்டை பொறுக்கப் போவதாகவும், தினமும் பஸ் ஜன்னலிலிருந்து மீடியனில் மிஞ்சிய வரிசையைப் பார்ப்பதாகவும் சொன்னார்.

என்னால் உட்கார முடியவில்லை. "மத்தப் பாதியப் பிடுங்க வெச்சதும் நான்தானுங்க" என்றேன் அவர் வீட்டுக்காரரிடம்.

"தெரியுமுங்க" என்றார் அவர்.

"அதத்தானுங்க மொதல்ல சொன்னேன்" என்றார் அக்கா.

பிறகு அவர் வீட்டுக்காரர்தான் சிரிக்க ஆரம்பித்தார். "உடுங்க தம்பி. இவ மட்டும் என்ன. எங்க ஊட்டு மல்லியவே அடுப்புல வெச்சவ."

"அது எதுக்கு இப்ப" என்றார் அக்கா. வீட்டுக்காரர் விடவில்லை.

"இவ மல்லசமுத்திரம் பக்கம் மானாவாரிக் காட்டுக்காரிங்க. கடலக்கா, சோளம் தவிர ஒரு செடி தெரியாது. எனக்குக் கட்டிக் குடுத்த மொத மார்கழி. எங்கப்பன் குண்டுமல்லிக்குக் கவாத்து வெட்டி, தழையெல்லாம் உருவிப்போட்டு உட்டிருந்தாரு. அப்படி உட்டாத்தானுங்க மாசியில மொட்டு வெக்கும். இவ காத்தால எந்திரிச்சுப் பாத்தா, வெறுங்குச்சி. பட்டுப்போச்சாட்டம் இருக்குதுன்னு ஒரு வரிசையப் புடுங்கிட்டு வந்து, எல்லாரும் குளிக்கத் தண்ணி காய வெச்சுட்டா. அடுப்பு எரியவே இல்ல. பொகைஞ்சுக்கிட்டே கெடக்குது. ஏன் எரிய மாட்டேங்குதுன்னு நகத்துல கீறிப் பாத்திருக்கா. பச்ச. அன்னிக்கு நாள் பூரா சோறு திங்கல."

"உங்கப்பா என்ன சொன்னாருங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணுஞ் சொல்லல. அவரு ஒரு வார்த்த திட்டியிருந்தா இவ அழுது முடிச்சிருப்பா" என்றார்.

அக்கா துணி வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். திரும்பி வந்தபோது கையில் காப்பி இருந்தது. முகம் சிவந்திருந்தது.

காப்பியைக் குடித்து முடித்த பிறகுதான் எனக்குக் கேட்க வாய் வந்தது. "திங்கக்கிழமை வேலைக்கு வாங்கக்கா. இனி செடி விசயத்துல நீங்க சொல்றதுதான். யாரு வந்தாலும் நான் பேசிக்கறேன்."

அக்கா வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் தடத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார், நீயே முடிவு பண்ணு என்பதுபோல.

"முட்டை பொறுக்கறது லேசான வேலைங்க. நெழல்ல நிக்கலாம்" என்றார் அக்கா. பிறகு, "சரி, வாரேன்" என்றார்.

திங்கட்கிழமை நான் போவதற்கு முன்பே வந்துவிட்டிருந்தார். பூத்துக் கிடந்த மயில்கொன்றைப் பக்கம் நிற்பார் என்று நினைத்தேன். அவர் அங்கே இல்லை. பிடுங்கிய இடத்தில் நாங்கள் வைத்த அரளிகளுக்கு நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அவை வைத்த நாளிலிருந்தே நோஞ்சானாக நின்றவை. தண்ணீர் ஊற்றியும் தேறவில்லை. ஒன்றைத் தோண்டி வெளியே எடுத்திருந்தார். வேரைச் சுற்றி நர்சரியின் கறுப்புப் பிளாஸ்டிக் பை அப்படியே இருந்தது. அன்று இருந்த அவசரத்தில் பையைக் கிழிக்காமலே குழியில் இறக்கியிருக்கிறார்கள்.

"இதுகளப் பாத்தா உங்களுக்குக் கோவம் வரலீங்களாக்கா?" என்றேன்.

"இதுக என்ன பண்ணுச்சுங்க சார். லாரியில ஏத்துனாங்க, வந்துச்சு" என்றபடி பையைக் கிழித்து, சுருண்டு கிடந்த வேரை விரலால் பிரித்துவிட்டு, மறுபடி குழியில் வைத்து மண்ணைத் தள்ளி மிதித்தார். பிறகு அடுத்ததற்கு நகர்ந்தார்.

நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எதிர் வரிசையில் உட்கார்ந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குள் இருவரும் முப்பத்தேழு அரளிகளைத் தோண்டி, பை கிழித்து, திரும்ப நட்டிருந்தோம்.